வலி இல்லாமல் வந்த இரத்தம்

காலை ஏழு மணிக்குத் தோட்டத்து டிஸ்பென்சரி வாசல் எப்படி இருக்கும் என்று புதிதாக மருத்துவிச்சி வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்குத் தெரியாது. இப்போது கிளினிக் நாள் என்று தனியாக வைத்து, பெஞ்சு போட்டு, கையில் கார்டும் கொடுத்திருக்கிறீர்கள். நான் மருத்துவிச்சியாக வேலைக்குச் சேர்ந்தது அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். பங்களாவில் வெள்ளைக்காரத் தொரைதான் இன்னும் இருந்தார். பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணி வேலை பிரித்ததும், முடியாதவர்கள் எல்லாரும் அங்கிருந்து நேராக டிஸ்பென்சரிக்கு வந்து வரிசையில் நிற்பார்கள். பாதிப் பேர் வந்தது மருந்துக்கு அல்ல, துண்டுக்கு. டிஸ்பென்சர் ஐயாவோ நானோ ஒரு துண்டுக் காகிதத்தில் 'ஓய்வு' என்றோ 'லேசு வேலை' என்றோ எழுதிக் கொடுத்தால்தான் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா ஒத்துக்கொள்வார். துண்டு இல்லாமல் லயத்து வரிசை வீட்டில் படுத்திருந்தால் கங்காணி வந்து கதவைத் தட்டுவார்.

பிள்ளைத்தாச்சிகளின் வரிசை என்னுடையது. மழையில் நனைந்துகொண்டு பத்துப் பதினைந்து பேர் நிற்பார்கள். எட்டு மணிக்குள் பார்த்து அனுப்பிவிட்டு நான் லயங்களைச் சுற்றிவரப் போக வேண்டும். அதற்கு டிஸ்பென்சர் ஐயா வேலையில் சேர்ந்த முதல் வாரமே ஒரு வழி காட்டிக் கொடுத்திருந்தார். 'வலி இருக்கா?' என்று கேள். இல்லை என்றால் வேலைக்கு அனுப்பு. இருக்கு என்றால் எங்கே என்று பார்.

நான் அதை இன்னும் மெருகேற்றினேன். வலி என்று சொல்பவளிடம் வேறு ஊர்க்கதை பேசிக்கொண்டே அந்த இடத்தை அழுத்துவேன். முகம் மாறாவிட்டால் பொய். நிஜ வலியும் பொய் வலியும் என் விரலுக்குத் தெரியும் என்று எனக்கு அத்தனை திமிர். இந்த அம்மா வந்த பிறகு துண்டு குறைந்துவிட்டது என்று தொரையே ஒருமுறை சொன்னாராம். அந்தச் சொல்லை ஒரு மாதம் தலையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். இருபத்தாறு வயது எனக்கு. கூலிக்காரப் பெண்களை ஏமாற்றுக்காரிகள் என்று நினைப்பதுதான் கெட்டிக்காரத்தனம் என்று நம்பிய வயது.

ஆடி மாதத்து மழையில் ஒரு காலை, ராமாயி வந்து நின்றாள். மேட்டு லயத்துக்காரி. மூன்றாவது பிள்ளை, எட்டாம் மாதம். அதிகம் பேசமாட்டாள்.

"என்னா?" என்றேன்.

"விடியக்காலையில கொஞ்சம் ரத்தம் பட்டுச்சுங்கம்மா."

"வலி இருக்கா?"

"இல்லீங்கம்மா. ஒண்ணும் தெரியல. சேலை ஈரமா இருக்கேன்னு பாத்தா ரத்தம். இப்ப நின்னுருச்சு."

வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தது, இறுக்கம் இல்லை. குழந்தையின் தலை இன்னும் மேலேயே, ஒரு பக்கமாக ஒதுங்கி மிதந்துகொண்டிருந்தது. எட்டாம் மாதத்தில் மூன்றாவது பிள்ளைக்கு அப்படி இருப்பது உண்டுதான். ஆனால் இரத்தம் பட்டவளுக்கு அப்படி இருந்தால் ஏன் என்று யோசிக்க வேண்டும். ஏதோ ஒன்று கீழே இடத்தைப் பிடித்துக்கொண்டு தலையை இறங்கவிடாமல் வைத்திருக்கிறது என்பது அதன் அர்த்தமாக இருக்கலாம். இதையெல்லாம் நான் படித்துத்தான் வந்திருந்தேன். என் கை கண்டுபிடித்ததை என் தலை கேட்கவில்லை. வாசலில் இன்னும் எட்டுப் பேர் நின்றார்கள்.

"வலியே இல்லாம என்னாத்துக்கு இங்க வந்து நிக்கிற? துண்டு வாங்குறதுக்கு வேற காரணம் கெடைக்கலியா ஒனக்கு?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ராமாயியும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். நான் பெரிய மனது பண்ணி இரண்டு நாளைக்கு லேசு வேலை எழுதிக் கொடுத்தேன். கொழுந்து மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கிற கொட்டகையில், உட்கார்ந்து முற்றிய இலையைப் பொறுக்கிப் போடுகிற வேலை. இரண்டு நாள் கழித்து அவள் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள். நான் மறந்தும் போனேன்.

பன்னிரண்டு நாள் கழித்து, காலை பத்து மணி இருக்கும், கொழுந்து எடுக்கிற பெண் ஒருத்தி இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு மேலெல்லாம் சேறாக ஓடிவந்தாள். "அம்மா, ராமாயிக்கு ஊத்துதுங்கம்மா, மடுவத்துல படுக்க வச்சிருக்காங்க" என்றாள். பையை எடுத்துக்கொண்டு நானும் ஓடினேன்.

மடுவத்தில் கொழுந்துச் சாக்குகளின் மேல் சாய்ந்து ராமாயி உட்கார்ந்திருந்தாள். சிமெண்டுத் தரை வாசலைப் பார்த்துச் சரிவாக இருக்கும். அந்தச் சரிவில் அவளுடைய இரத்தம் தண்ணீர் போல் ஓடி, வாசற்படியைத் தாண்டி, மழை நீர் ஓடுகிற கானில் விழுந்துகொண்டிருந்தது. நான் வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். நிறையப் பிரசவம் பார்த்தவள்தான் நான், இரத்தம் எனக்குப் புதிதல்ல. ஆனால் நான் பார்த்த இரத்தமெல்லாம் கத்தலோடு வந்தது. இங்கே ஒரு சத்தமும் இல்லை. அவள் என்னைப் பார்த்து, தொந்தரவு கொடுத்துவிட்டவள் போலச் சிரித்தாள்.

"வலி ஒண்ணும் இல்லீங்கம்மா. தலதான் சுத்துது."

அந்தச் சொல்லை இதற்கு முன்னாலும் அவள் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

நாடி வேகமாக, நூல் மாதிரி ஓடியது. உதடு வெளுத்திருந்தது. கால்களைத் தூக்கிச் சாக்கின் மேல் வைக்கச் சொல்லிவிட்டு, குழலை வைத்துக் கேட்டேன். குழந்தையின் துடிப்பு இருந்தது. அதற்குள் அவளுடைய மாமியார் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"கை வச்சுப் பாருங்கம்மா. பிள்ள எந்த மட்டுக்கு வந்துருக்குன்னு பாருங்க. சும்மா நிக்காதீங்க தாயே."

சுற்றி நின்றவர்களும் அதையே சொன்னார்கள். மருத்துவிச்சி என்றால் கை வைத்துப் பார்ப்பவள். கை வைக்காத மருத்துவிச்சி என்ன மருத்துவிச்சி? டிஸ்பென்சர் ஐயாவும் குடையோடு வந்து சேர்ந்தார். அவர் கெட்டவர் அல்ல. ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுத வேண்டியது அவர் பொறுப்பு. அந்தக் கடிதத்தில் கருப்பை வாய் எத்தனை விரல் திறந்திருக்கிறது என்று ஒரு வரி வழக்கமாக எழுதுவோம்.

"சீக்கிரம் பாத்துச் சொல்லு. எத்தன வெரல்னு எழுதாம அனுப்புனா அங்க நம்மளத்தான் ஏசுவாங்க" என்றார்.

ஒரு பெண் வாளியில் சுடுதண்ணீர் கொண்டுவந்தாள். நான் கைகளைக் கழுவினேன். சவுக்காரம் போட்டு, முழங்கை வரை, நிதானமாக. உங்களிடம் மறைக்க ஒன்றும் இல்லை. அந்த நிமிடம் உள்ளே கை வைக்கப் போகிறேன் என்றுதான் கழுவினேன். அத்தனை பேர் சுற்றி நின்று ஒரே காரியத்தைக் கேட்கும்போது, அதைச் செய்துவிடுவதுதான் சுலபம்.

கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தபோது பயிற்சிக் காலத்து வார்டு ஒன்று நினைவுக்கு வந்தது. அங்கே ஒரு சிங்கள நர்ஸ் அம்மா இருந்தார். மாணவிகளில் ஒருத்தி, இரத்தம் போய்க்கொண்டிருந்த ஒரு தாயைச் சோதிக்கக் கையுறையை மாட்டினாள். அந்த அம்மா கட்டிலுக்குக் குறுக்கே கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திருகிவிட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நஞ்சுக்கொடி கருப்பையின் வாயிலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தால், நீ விரலை வைக்கும் இடம் குழந்தையின் தலை அல்ல, அந்த நஞ்சுதான், விரலால் அதைக் குத்திப் பிய்த்துவிட்டு அப்புறம் ஐந்து நிமிடம் இவள் உயிரோடு இருந்தால் அதிசயம், என்றார். திருகு வாங்கிய மாணவி மூன்று நாள் அழுதாள். நாங்கள் அந்த அம்மாவைப் பேய் என்று பேசிக்கொண்டோம்.

நான் கையைச் சேலையில் துடைத்தேன்.

"கை வைக்கப் போறதில்ல" என்றேன். "லொறியக் கூப்பிடுங்க."

மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நான் பயந்து கைவிட்டுவிட்டேன் என்று நினைத்தாள். டிஸ்பென்சர் ஐயாவின் முகம் சிவந்துவிட்டது.

"வாய் தெறந்துருந்தா லொறியிலயே பொறந்துரும். யாரு பதில் சொல்றது?"

"உள்ள பாக்கலன்னு எழுதுங்கய்யா. வலி இல்லாத ரத்தம்னு எழுதுங்க. நான் சொன்னேன்னு எழுதுங்க."

"பொறுப்பு ஒன்னோடது."

"என்னோடதுதான்."

வீரமாகப் பேசியது போல இப்போது கேட்கிறது. உண்மையில் எனக்குப் பயம்தான். வாய் திறந்திருந்து, நான் பார்க்காமல் விட்டு, அவள் வழியில் போய்விட்டால், அந்த மேட்டு லயத்துக்கு என்னால் மறுபடி ஏற முடியாது. உள்ளே பார்த்தால் தெரிந்துவிடும் என்ற ஆசை எனக்கும் இருந்தது. நினைவில் வையுங்கள், நெருக்கடியில் நமக்கு வருகிற ஆசைகளில் பாதி, நோயாளிக்காக அல்ல, நம் மனது ஆறுவதற்காக வருவது.

கொழுந்து ஏற்ற வந்த லொறி வளைவில் நின்றிருந்தது. தொரையின் உத்தரவில்லாமல் அது தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. டிரைவர் சிங்களவர். வந்து எட்டிப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "ஏறுங்க நோனா. தொரைக்கு நான் சொல்றேன்" என்றார். சாக்குகளைப் பரப்பி, அவள் கால்களை உயர்த்திப் படுக்க வைத்தோம். செடி கவ்வாத்து வெட்டுகிற மலையிலிருந்து கத்தியும் கையுமாக ஓடிவந்த அவள் புருஷன் லொறியின் பின்பக்கம் தொற்றிக்கொண்டான். லிந்துலையைத் தாண்டி நுவரெலியா வரைக்கும் அத்தனை வளைவுகளிலும் அவள் தலை என் மடியில் கிடந்தது. மணிக்கட்டை நான் விடவேயில்லை. நாடி ஓடுகிறதா அல்லது என் விரல்தான் துடிக்கிறதா என்று சில இடங்களில் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "உள்ளே யாராவது கை வைத்தீர்களா?" என்பதுதான். இல்லை என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். உடனே தியேட்டருக்கு எடுத்துப் போனார்கள். நஞ்சு முழுவதும் வாயை மூடிக்கொண்டு கிடந்ததாம். நான் ஒரு விரலை வைத்திருந்தால் ராமாயி அந்த மடுவத்திலேயே முடிந்திருப்பாள் என்று பிறகு அவரே என்னிடம் சொன்னார்.

ராமாயி பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. பெண் குழந்தை, எடுக்கும்போதே மூச்சு இல்லை. மடுவத்தில் நான் கேட்ட துடிப்பு எந்த வளைவில் நின்றது என்று எனக்குத் தெரியாது.

இங்கே நிறுத்தினால் இது என்னுடைய கெட்டிக்காரத்தனத்தின் கதை. பல வருஷம் நான் இந்த இடத்தில்தான் நிறுத்திக்கொண்டிருந்தேன். பயிற்சிக்கு வந்த பெண்களிடம் சொல்லி, கைதட்டல்கூட வாங்கியிருக்கிறேன். மிச்சத்தை இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

நாலாம் நாள் காலை முதல் பஸ்ஸில் அவளைப் பார்க்கப் போனேன். வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். மார்பில் பால் கட்டி, துணியை இறுக்கிக் கட்டிவிட்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள். படு படு என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தொரை ஒங்கள ஏசுனாராம்மா, லொறிய எடுத்ததுக்கு?"

அவள் கேட்ட முதல் கேள்வி அது. இல்லை என்றேன். பிறகு நானும் ஒரு கேள்வி கேட்டேன். அன்றைக்கு மலையில் திடீரென்று வந்ததா, அதற்கு முன்னால் ஏதாவது தெரிந்ததா?

"அதுக்கு மொத வாரம் ரெண்டு தடவ பட்டுச்சுங்கம்மா. துணிய அலசிப் போட்டுட்டு வேலைக்குப் போயிட்டேன்."

"ரெண்டு தடவையா? ஏன் எங்கிட்ட வந்து சொல்லல?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். கோபமே இல்லை அந்தப் பார்வையில். "வலி இல்லீங்களேம்மா. வலி இல்லாம வந்தா ஏசுவீங்கல்ல?"

யாரோ முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது எனக்கு. ஒரு வாரம் முன்னாலேயே அவளை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருக்கலாம். அந்தக் குழந்தை உயிரோடு இருந்திருக்கலாம். அது வளைவில் சாகவில்லை, என் வரிசையில், எட்டுப் பேர் சிரித்துக்கொண்டு நின்ற இடத்தில் செத்தது. நான் மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

அப்போது அவள் இன்னொன்று சொன்னாள். எனக்கு ஆறுதலாக ஏதாவது பேச வேண்டும் என்று நினைத்திருப்பாள் போலிருக்கிறது.

"எங்க லயத்துல கடைசிக் காம்பரா வீட்டுப் பூவாயி இருக்காளே, அவளுக்கும் இப்படித்தான் லேசா பட்டுச்சாம்மா. ஏழு மாசம் அவளுக்கு. வலி இல்லாட்டி போயிராதடி, எல்லாரும் பாத்துச் சிரிப்பாங்கன்னு நான்தான் சொன்னேன். அவளும் போகல."

நான் எழுந்துவிட்டேன். அவளிடம் சொல்லிக்கொண்டேனா என்றுகூட நினைவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அக்கரப்பத்தனை பஸ் புறப்பட ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். அந்த ஒரு மணி நேரமும் பிறகு பஸ்ஸில் போன நேரமும் எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை என்பதுதான் அதிசயம். ஒரு பெண் அல்ல, ஒரு பெண்ணிடம் நான் சொன்ன சொல் எத்தனை காம்பராக்களுக்குள் போயிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கக்கூடப் பயமாக இருந்தது. மேட்டு லயம் மட்டுமா? கீழ் லயங்களில் எத்தனை பேர் துணியை அலசிப் போட்டுவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்?

மூன்று மணிக்கு மலை ஏறினேன். மழை விட்டு மூட்டம் இறங்கியிருந்தது. பெண்கள் வரிசை வரிசையாகக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேல் வரிசையில் பூவாயி, நெற்றிக் கயிற்றில் கூடை தொங்க, வயிறு தள்ளிக்கொண்டு.

"பூவாயி!" என்று கத்தினேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். என்னைக் கண்டதும் அவள் முகத்தில் வந்த பயத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். யாரோ அவளைக் காட்டிக் கொடுத்துவிட்டார்கள், மருத்துவிச்சி ஏசுவதற்கு மலைக்கே வந்துவிட்டாள் என்று நினைத்துவிட்டாள். நிறைகூடையோடு மேட்டில் வேகமாக ஏற ஆரம்பித்தாள்.

நானும் பின்னால் ஏறினேன். "நில்லு, ஓடாத, ஓடாத" என்று கத்திக்கொண்டே ஏறினேன். நான் கத்தக் கத்த அவள் இன்னும் வேகமாக ஏறினாள். தேயிலைச் செடிகளைப் பிடித்து இழுத்து, வழுக்கி, மறுபடி எழுந்து ஏறினாள். ஒவ்வொரு அடிக்கும் எனக்கு மடுவத்துத் தரைதான் கண்ணில் தெரிந்தது. அவளுக்கு உள்ளேயும் அதே மாதிரி இருந்தால், அவளைக் கொல்வதற்கு என் விரல் தேவையில்லை. நான் இன்னும் பத்தடி துரத்தினால் போதும்.

நின்றேன். பிறகு அந்தச் சேற்றில், கானின் ஓரத்தில், வெள்ளைச் சேலையோடு உட்கார்ந்துவிட்டேன். அத்தனை பெண்களும் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். தோட்டத்து மருத்துவிச்சி சேற்றில் உட்கார்ந்து அவர்கள் யாரும் பார்த்ததில்லை.

"நான் ஏச வரலடி. எந்திரிக்க மாட்டேன். நீயா மெதுவா எறங்கி வா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

ரொம்ப நேரம் அவள் அங்கேயே நின்றாள். பிறகு கூடையை இறக்கி வைத்தாள். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் செடி செடியாகப் பற்றி, ஒவ்வொரு அடியாக இறங்கி வந்தாள். நான் எழுந்து உதவிக்குக்கூடப் போகவில்லை. எழுந்தால் மறுபடி ஓடிவிடுவாளோ என்று பயம். வந்து, எனக்கு இரண்டு முழம் தள்ளி, கானின் ஓரத்தில் அவளும் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

'வலி இருக்கா?' என்று நான் கேட்கவில்லை. அவளாகப் பேசட்டும் என்று இருந்தேன். தலையைத் தூக்காமல், எத்தனை நாளாக இரத்தம் படுகிறது என்று அவளே சொல்ல ஆரம்பித்தாள்.